எச்டி சேனல் எண்ணிக்கையை நம்பி மாறிவிட்டேன், இப்போது வெளியேற முடியுமா?

கேள்வி: பழைய நிறுவனத்தைவிட இரு மடங்கு எச்டி சேனல்கள் என்ற விளம்பரத்தைப் பார்த்துப் புதிய நிறுவனத்துக்கு மாறி, இரண்டு வருட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டேன். எண்ணிப் பார்த்தால் அதில் பாதி, தனியாகக் காசு கட்டிப் பார்க்கும் சினிமா சேனல்கள். வரும் என்று விற்பனையாளர் உறுதி சொன்ன விளையாட்டுச் சேனல் எச்டியில் வரவே இல்லை. விலகினால் அபராதம் என்கிறார்கள். கட்டத்தான் வேண்டுமா?

பதில்: கட்ட வேண்டியதில்லை என்று வாதிட உங்களுக்கு நல்ல இடம் இருக்கிறது. எண்ணிக்கையை விடுங்கள், அந்த விளையாட்டுச் சேனலைப் பிடியுங்கள்.

எந்தச் சேனலைக் கணக்கில் சேர்ப்பது என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தனக்கு வசதியாக வைத்துக்கொள்கிறது. ஒரே சேனலின் வட்டார வடிவங்களைக்கூடத் தனித்தனியாக எண்ணுவார்கள், அதை விளம்பரத்தின் அடியில் பொடி எழுத்தில் சொல்லியும் இருப்பார்கள். படம் மங்கலாக இருக்கிறது என்ற புகாரும் இதே கதைதான். படத்தில் 720 கிடைக்கோடுகள் இருந்தாலும் எச்டி, 1080 இருந்தாலும் எச்டி. சாதாரணப் படத்தைப் பெரிதாக்கி அனுப்பினாலும் செட் டாப் பாக்ஸ் 1080 என்றே காட்டும், அதனால் அந்த எண் சாட்சியாகாது.

2007இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று டைம் வார்னர் கேபிள் என்ற கேபிள் நிறுவனத்துக்கும் டைரக்டிவி என்ற செயற்கைக்கோள் டிவி நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கில், எந்த விளம்பரக் கூற்றைக் கேள்வி கேட்கலாம், எதை முடியாது என்ற வித்தியாசத்தைத் தெளிவாகக் காட்டியது. கேபிளின் எச்டி தரம் குறைவு என்று உணர்த்திய டைரக்டிவியின் விளம்பரங்களைப் பொய் என்று தடுத்தது. ஆனால் போட்டியாளரின் படத்தை அடையாளமே தெரியாத அளவுக்குச் சிதைத்துக் காட்டிய இணைய விளம்பரங்களை, யாரும் நம்பாத வெறும் மிகைப்படுத்தல் என்று விட்டுவிட்டது. பொய்யா உண்மையா என்று சரிபார்க்க முடிகிற கூற்றை வைத்துத்தான் சட்டப்படி கேள்வி கேட்க முடியும், உங்கள் விளையாட்டுச் சேனல் அந்த வகை.

‘சேனல்கள் மாறலாம்’ என்ற விதியை உங்கள் ஒப்பந்தத்திலும் காட்டுவார்கள். பயப்படாதீர்கள். இருந்த சேனலைப் பிறகு நீக்கினால் அந்த விதி அவர்களுக்கு உதவும், கையெழுத்துப் போட்ட நாளிலேயே இல்லாத சேனலை உண்டு என்று சொல்லி விற்றதை அது மூடி மறைக்காது. வாய்ப்பேச்சு செல்லாது என்ற விதியும் இருக்கக்கூடும், அதனால்தான் எழுத்தில் இருப்பது உங்களுக்கு உயிர்.

2009இல் கலிஃபோர்னியாவில் டைரக்டிவியின் எச்டி தரம் குறைந்துவிட்டது என்று ஒரு சந்தாதாரர் எல்லோருக்குமாகச் சேர்த்துத் தொடர விரும்பிய வழக்கைக் கூட்டு வழக்காக ஏற்க மேல்முறையீட்டு நீதிமன்றமும் மறுத்தது. எல்லோரும் ஒரே விளம்பரத்தைப் பார்த்துத்தான் வாங்கினார்கள் என்று சொல்ல முடியாததும் அதற்கு ஒரு காரணம். எனவே நீங்கள் எதைப் பார்த்தீர்கள், யார் என்ன சொன்னார்கள், எந்தத் தேதியில் என்று இன்றே எழுதி வையுங்கள். குறுஞ்செய்தி, சேனல் பட்டியல், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் நிறுவனத்துக்கு ஒரு கடிதம். அந்தச் சேனலை எச்டியில் கொடுங்கள், இல்லையென்றால் அபராதமின்றி விடுவியுங்கள் என்று கெடு வைத்துக் கேளுங்கள். தயவுசெய்து அதுவரை சந்தாவை நிறுத்திவிடாதீர்கள், நிறுத்தினால் ஒப்பந்தத்தை மீறியவர் நீங்களாகிவிடுவீர்கள். ஆட்சேபத்துடன் கட்டுகிறேன் என்று எழுதிக் கட்டுங்கள். கெடு முடிந்தும் பதில் இல்லையா, அந்தக் கடிதத்தின் நகலோடு நுகர்வோர் குறைதீர் அமைப்புக்குப் போங்கள்.