வாசகர் கேள்வி: சுட்ட சிற்பம் பொரிந்து உதிர்வது ஏன்?

கேள்வி: தேவிபட்டினம் அருகே வசிக்கும் நான் சுடுமண் சிற்பம் பழகி வருகிறேன். சூளையில் நன்றாக வெந்த உருவங்கள்கூடச் சில நாள்களில் ஆங்காங்கே பொரிந்து உதிர்கின்றன. விற்பனையை எப்படித் தொடங்குவது என்பதையும் கூற வேண்டுகிறேன். – ஒரு வாசகி

பதில்: சூளையைக் குறை கூறுவதற்கு முன், கரையோர மண்ணில் கலந்திருக்கும் கிளிஞ்சல் துணுக்குகளைச் சந்தேகியுங்கள். ஏறத்தாழ 800 டிகிரி செல்சியஸுக்கு மேல் அவை சுட்ட சுண்ணாம்பாக மாறி, பின்னர் காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பருத்து, மேலுள்ள மண்ணைப் பெயர்த்துத் தள்ளுகின்றன. மண்ணை நீரில் கரைத்து மெல்லிய சல்லடையில் வடிகட்டினால் இது பெரிதும் குறையும். உப்புத் தண்ணீரில் பிசைந்தால் உருவத்தின் மேல் வெள்ளை பூக்கும். நல்ல தண்ணீரையே பயன்படுத்துங்கள்.

எனக்குக் கற்பித்த வேளார் (மண் உருவங்கள் செய்யும் குயவர்), தடித்த உருவத்தை உட்புறம் குடையாமல் சூளையருகே கொண்டுவரவே விடமாட்டார். கடற்காற்றில் மேற்பரப்பு சீக்கிரம் உலர்ந்துவிட, உள்ளே தங்கிய ஈரம் சூளையில் ஆவியாகிச் சிற்பத்தையே வெடிக்கச் செய்துவிடும் என்பதால், ஈரத்துணி போர்த்தி நிழலில் மெதுவாக உலர்த்துவதே அவருடைய வழக்கம். அந்தப் பொறுமைதான் எனக்கு மிகவும் தாமதமாக வந்தது.

விற்பனையைப் பொறுத்தவரை, ராமேசுவரம் வரும் யாத்ரிகர்கள் பையில் அடங்குவதையே விரும்பினர். என் பெரிய குதிரைகளை ரசித்துவிட்டு, உள்ளங்கையளவு யானைகளை வாங்கிச் சென்றனர். விறகுச் செலவோடு, உடைந்துபோகும் உருவங்களின் செலவையும் விலையில் சேருங்கள். விற்ற பிறகு பணம் தருவதாகக் கூறும் கடைகளில், உடைந்தால் யார் பொறுப்பு என்பதை முன்னதாகவே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.