மணிவண்ணன் நடிகர் மட்டும்தானா? இயக்குநராக என்ன செய்தார்?

நடிகராக மட்டுமே அவரைத் தெரியும் என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் கோவைக்குக் கிழக்கே, திருச்சி ரோட்டில் இருக்கும் சூலூர்க்காரர் அவர். அடிப்படையில் எழுத்தாளர், இயக்குநர். நடிப்பு அப்புறம் வந்தது.

பாரதிராஜாவிடம் உதவியாளராகச் சேர்ந்து, ‘நிழல்கள்’ (1980), ‘அலைகள் ஓய்வதில்லை’ (1981) படங்களில் எழுதினார். 1982-இல் ‘கோபுரங்கள் சாய்வதில்லை’ மூலம் இயக்குநரானார். சுகாசினியின் அருக்காணி பாத்திரம் அதில்தான். குடும்பக் கதைக்காரர் என்று முத்திரை குத்துவதற்குள், 1984-இல் ‘நூறாவது நாள்’ எடுத்தார். அந்த மொட்டைத்தலை சத்யராஜை இன்றைக்குப் பார்த்தாலும் பயமாகத்தான் இருக்கிறது.

என்னைக் கேட்டால், அவருடைய உச்சம் ‘அமைதிப்படை’ (1994). வாக்கு எண்ணிக்கைக் காட்சியை மட்டும் எடுத்துப் பாருங்கள். முன்னிலை ஏற ஏற, ஒடுங்கி உட்கார்ந்திருந்த வேட்பாளர் அமாவாசை (சத்யராஜ்) கொஞ்சம் கொஞ்சமாக நாற்காலியில் நிமிர்கிறான். பக்கத்தில் இருக்கும் மணிவண்ணனின் பணிவும் அதே அளவுக்குக் கூடுகிறது. அதிகாரம் ஒரு மனிதனை எப்படி மாற்றுகிறது என்பதை உட்காரும் விதத்திலேயே சொல்லிவிட்டார். கொங்கு நாட்டின் ‘ஏனுங்க, சொல்லுங்க’ என்ற மரியாதைப் பேச்சுக்குள் எவ்வளவு குத்தல் வைக்கலாம் என்று காட்டியவரும் அவர்தான்.

ஈரோட்டுக்காரரான சுந்தர்.சி இவரிடம் உதவியாளராக இருந்தவர். 2013-இல் தான் இயக்கிய 50-வது படமான ‘நாகராஜ சோழன் எம்.ஏ., எம்.எல்.ஏ.’ வெளியாகி ஒரு மாதம் கழித்து, ஜூன் 15 அன்று மணிவண்ணன் காலமானார்.

முதலில் ‘நூறாவது நாள்’ பாருங்கள். சரி, பயம் வேண்டாம் என்றால் நேராக ‘அமைதிப்படை’க்கே போய்விடுங்கள்.