கடைசி இரண்டு வரிக்குத்தான் இந்தப் பதில்

ஓய்வு பெற்று ஊரை விட்டு வந்த பிறகு தனிமையில் தவிப்பதாக நீங்கள் எழுதிய கடிதத்தைப் படித்தேன் சார். முதலில் அந்தப் பாராசிட்டமாலை நிறுத்துங்கள். ஒதுக்கப்படும் வலியும் உடம்பு வலியும் மூளையில் ஒரே இடத்தில்தான் பதிகிறது என்று இணையத்தில் படித்துவிட்டு, வலி மாத்திரை மன வலியையும் குறைக்கும் என்று நம்பி இரண்டு மாதமாகத் தினமும் மூன்று 650 மி.கி. மாத்திரை போடுகிறீர்கள், ராத்திரி மதுவும் உண்டு என்கிறீர்கள். 2010இல் அமெரிக்காவில் அப்படி ஓர் ஆய்வு வந்தது உண்மைதான். ஆரோக்கியமான கல்லூரி மாணவர்களுக்கு மூன்று வாரம் கொடுத்துப் பார்த்தார்கள், மனம் புண்பட்டதாகச் சொன்னது கொஞ்சம் குறைந்தது. அவ்வளவுதான். அதை வைத்து உங்களுக்கு நீங்களே மருந்து எழுதிக்கொள்வதா? குடியோடு சேர்ந்தால் கல்லீரல் பாழாகும். இந்த வாரமே கல்லீரல் எப்படி இருக்கிறது என்று காட்டும் எல்.எஃப்.டி. ரத்தப் பரிசோதனை எடுத்துவிடுங்கள்.

கண்ணிமை துடிப்பது, ஓயாத கொட்டாவி, சொடக்கு விழுவது, இவற்றையெல்லாம் விட்டுத்தள்ளுங்கள். தனிமை தினம் 15 சிகரெட்டுக்குச் சமமாம், சீக்கிரம் போய்விடுவேனா என்கிறீர்கள். அது 148 ஆய்வுகளில் 3 லட்சம் பேரைச் சேர்த்துப் பார்த்த கணக்கிலிருந்து வந்த பேச்சு, உங்கள் ஜாதகம் இல்லை.

எனக்குக் கவலை வேறு. போகிற போக்கில் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள்: பிள்ளைக்குப் பாரமாக இருக்கிறேன், பாஸ்புக், இன்சூரன்ஸ் பேப்பர் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் எடுத்து வைத்துவிட்டேன், விடியற்காலை மூன்று மணிக்கு முழித்தால் பிறகு தூக்கமே இல்லை. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் எந்த மருத்துவரும் சும்மா இருக்க மாட்டார். நேராகவே கேட்கிறேன், செத்துவிடலாம் என்று தோன்றுகிறதா? கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள், அப்படி வராது, சொன்னால் பாரம்தான் இறங்கும். ஆமாம் என்றால் இன்று ராத்திரியே மகனிடம் சொல்லுங்கள், வீட்டில் இருக்கும் மாத்திரை அட்டைகளை மருமகளிடம் கொடுத்துவிடுங்கள், 14416க்கு போன் போடுங்கள், அரசின் மனநல உதவி எண், டெலி மானஸ் என்று பெயர், இலவசம், எந்த நேரமும் தமிழில் பேசலாம். இல்லை என்றாலும் இந்த வாரத்துக்குள் மனநல மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். 'பாரம்' என்று உங்களை நினைக்க வைப்பது பெரும்பாலும் மனச்சோர்வு, அதைக் குணப்படுத்த முடியும்.

அப்புறம், அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குழுவில் சேர்க்கவில்லை என்பதையே சுற்றிச் சுற்றி எழுதியிருக்கிறீர்கள். புண்படத்தான் செய்யும். ஆனால் எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது, ஓய்வு பெற்றுத் திருநெல்வேலியை விட்டு வந்ததில் கோயில் கமிட்டியும் காலை நடை கூட்டாளிகளும் ஒரே நாளில் போனது. இங்கிலாந்தில் ஓய்வு பெற்றவர்களை ஆறு வருடம் பின்தொடர்ந்து 2016இல் வெளிவந்த ஆய்வில், இரண்டு குழுக்களில் இருந்தவர்கள் இரண்டையும் விடாமல் வைத்திருந்தால் இறக்கும் வாய்ப்பு 2 சதவீதம், ஒன்றை இழந்தால் 5, இரண்டையும் இழந்தால் 12 என்று கணக்கிட்டார்கள். பயமுறுத்தச் சொல்லவில்லை, ஒரு குழுவை மீட்டாலும் பலன் உண்டு என்பதற்காகச் சொல்கிறேன். பக்கத்தில் ஆள் இருந்தால் மட்டும் போதாது, 'நாங்கள்' என்று நீங்கள் சொல்லிக்கொள்ள ஓர் இடம் வேண்டும். கமிட்டியின் வரவு செலவு நீங்கள்தானே பார்த்தீர்கள், அதை போனிலேயே பார்க்கலாமா என்று கேளுங்கள், மாதம் ஒரு தடவை ஊருக்கு மகன் டிக்கெட் போடட்டும். ஆனால் டாக்டரைப் பார்த்த பிறகுதான் அதெல்லாம். குடியையும் எத்தனை பெக் என்று மறைக்காமல் அவரிடம் சொல்லுங்கள், திடீரென்று நீங்களாக நிறுத்த வேண்டாம்.