வைத்தியர் பதில்கள்: நிறையைப் பார்க்க முன் நோயாளியைப் பாருங்கள்

கேள்வி: எனக்கு வயது 46. உப்புவெளியில் வசிக்கும் ஆசிரியை. ஒரு வருடமாக முழங்கால் நோவினால் பாடசாலை மாடிப்படியில் ஏற முடியாமல் அவதிப்படுகிறேன். மூன்று இடங்களில் காட்டினேன். மூன்றிலும் கதிரையில் இருத்துவதற்கு முன்பே தராசில் ஏற்றி, வரிசையில் நிற்பவர்களுக்கும் கேட்கும்படி நிறையை வாசித்து, "முதலில் மெலியுங்கள், நோவு தானாகப் போய்விடும்" என்று அனுப்பிவிட்டார்கள். முழங்காலை ஒருவரும் தொட்டுப் பார்க்கவில்லை. வெட்கத்தினால் இப்போது பிரஷர் கிளினிக்குக்குப் போவதையும் நிறுத்திவிட்டேன். நான் செய்தது பிழையா?

பதில்: கிளினிக்கை நிறுத்தியது உங்கள் உடம்புக்குக் கெடுதல்தான் என்றாலும், அதற்கான பழியை உங்கள்மேல் சுமத்த என் மனம் இடம் கொடுக்கவில்லை. வீக்கம் இருக்கிறதா, மூட்டு சுடுகிறதா, எந்த இடத்தில் அழுத்தினால் நோகிறது, எவ்வளவு தூரம் மடக்க முடிகிறது என்று கையால் தொட்டுப் பார்க்காமல் ஒரு முழங்காலைப் பற்றி எந்த வைத்தியரும் தீர்ப்புச் சொல்லக் கூடாது. மூட்டுத் தேய்வில் நிறை குறைந்தால் முழங்காலின் சுமை குறையும் என்பது உண்மை. ஆனால் அதற்கு மாதக்கணக்கு ஆகும், நடக்கவும் வேண்டும், நடக்கவோ நோவு விடாது. ஆகவே நோவைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். கதிரையில் அமர்ந்தபடி ஒரு காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணும் வரை பிடித்து, மெதுவாக இறக்கும் பயிற்சி தொடையின் முன்தசையை உறுதியாக்கும். அந்தத் தசை உறுதியானால், நிறை ஒரு கிலோவும் குறையாவிட்டாலும் நோவு தணியக்கூடும்.

அடுத்த முறை போகும்போது வைத்தியரிடம் பணிவாக இப்படிக் கேளுங்கள்: "டொக்டர், இதே நோவோடு மெலிந்த ஒருவர் வந்தால் என்ன செய்வீர்களோ, அதை எனக்கும் செய்யுங்கள்." நிறையைச் சத்தமாக வாசிக்க வேண்டாம் என்று தாதியிடம் சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு. இன்னொன்றையும் கவனியுங்கள். பருத்த கையில் சிறிய பட்டியைச் சுற்றிப் பிரஷர் பார்த்தால் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். பட்டி இறுக்கமாக இருந்தால் பெரியதைக் கேட்டு வாங்குங்கள். பிரஷர் நோகாமலே இருந்து பாரிசவாதத்தில் கொண்டுபோய் விடக்கூடிய வருத்தம் என்பதால் இந்த வாரமே கிளினிக்குக்குத் திரும்புங்கள். 45 வயதில் செய்ய வேண்டிய கருப்பைக் கழுத்துப் பரிசோதனையைத் தவறவிட்டிருந்தால் சுகவனிதையர் கிளினிக்கிலும் காட்டுங்கள். உடம்பைப் பற்றிய பேச்சுக்கு அஞ்சிப் பெண்கள் தள்ளிப்போடுகிற பரிசோதனைகளில் அதுவும் ஒன்று.

கேள்வி: நான் திருகோணமலை மாவட்டத்தில் அண்மையில் கடமையேற்ற வைத்தியர். வெளிநோயாளர் பிரிவில் ஒருவருக்குச் சில நிமிடங்களே கிடைக்கின்றன. சீனி வருத்தமும் பிரஷரும் உள்ளவரிடம் நிறையைப் பற்றிப் பேசாமல் விடுவது கடமை தவறுவதாகாதா?

பதில்: உங்களைப் போன்றவர்கள் இதைக் கேட்பதே எனக்கு நம்பிக்கை தருகிறது. நிறையை மறைக்கும்படி நான் சொல்லவில்லை. அதை முதலாவது பேச்சாகவும் முழுப் பேச்சாகவும் ஆக்க வேண்டாம் என்றே சொல்கிறேன்.

நாம் நம்பியிருக்கும் உடற் திணிவுச் சுட்டியின் (BMI, அதாவது கிலோவில் நிறையை மீற்றரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண்) கணக்கைப் பெல்ஜியத்தைச் சேர்ந்த அடொல்ஃப் கெற்றலே 1830களில் வகுத்தார். அவர் வைத்தியர் அல்லர். வானியலாளர், புள்ளிவிபர அறிஞர். மக்கள்தொகையின் சராசரி மனிதனைத் தேடியவருக்கு ஒரு தனி நோயாளியின் உடல்நலம் நோக்கமாக இருக்கவில்லை. இப்போதைய பெயரை 1972இல் அன்செல் கீஸும் அவருடைய சகாக்களும் சூட்டினார்கள். அந்த எண் தசையையும் கொழுப்பையும் பிரித்தறியாது. கொழுப்பு வயிற்றில் இருக்கிறதா தொடையில் இருக்கிறதா என்றும் சொல்லாது. ஆசியர்களுக்குக் குறைந்த நிறையிலேயே நீரிழிவு வருவதைக் கண்டுதான் 2004இல் உலக சுகாதார அமைப்பின் நிபுணர் குழு அந்தச் சுட்டிக்கு 23, 27.5 என்ற தாழ்ந்த எல்லைகளை முன்வைத்தது. இதில் நம் ஊருக்கு ஒரு கசப்பான பாடம் இருக்கிறது. கண்ணால் நிறை பார்த்து நோய் தேடும் வைத்தியர், பருத்தவரை வெட்கப்படுத்தி அனுப்புவதோடு, கிண்ணியாவிலிருந்து வருகிற ஒல்லியான மீனவரின் குருதியைச் சோதிக்காமலும் விட்டுவிடுகிறார். அந்த மீனவர் பிறகு காற்புண்ணோடுதான் திரும்பி வருவார்.

"இன்றைக்கு என்ன கஷ்டத்துக்காக வந்தீர்கள்?" என்று தொடங்குங்கள். அதற்குப் பதில் சொல்லி முடிந்த பிறகு, நிறையைப் பற்றிப் பேசுவது சிகிச்சைக்கு உதவும் என்று தோன்றினால், "இதைப் பற்றியும் கொஞ்சம் கதைக்கலாமா?" என்று அனுமதி கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். பிரஷர், மூன்று மாதச் சீனி அளவு, நித்திரை, நடை, மருந்து என்று கதைப்பதற்கு எவ்வளவோ இருக்கிறது. "சோற்றைக் குறையுங்கள்" என்பதைவிட, வீட்டில் சமைப்பவர் யார், இரவுச் சாப்பாடு எத்தனை மணிக்கு, கருவாடும் ஊறுகாயும் வாரத்தில் எத்தனை நாள் என்று கேட்பது பயன் தரும்; நாளொன்றுக்கு உப்பு ஐந்து கிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்ற அறிவுரைக்கு அப்போதுதான் அர்த்தம் வரும். சாப்பிட்டபின் பத்து நிமிடம் வளவுக்குள் நடந்தாலும் சீனி ஏறுவது மட்டுப்படும் என்று சொல்லுங்கள். தராசில் முள் அசையாவிட்டாலும் நடையின் பயன் குருதியில் தெரியும்.

தம்பலகாமத்திலிருந்து வந்த ஒரு தாயை என்னால் மறக்க முடியவில்லை. ஒவ்வொரு மாதமும் நிறை கூடியது, ஒவ்வொரு மாதமும் நான் கண்டித்தேன், அவர் தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு நாள், கண்டிக்காமல், "இரவில் எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டேன். நடுச்சாமத்தில் கை நடுங்கி வியர்த்து விழிப்பதாகவும், பயத்தில் சீனி போட்ட தேநீரும் இரண்டு பணிசும் சாப்பிட்டுப் படுப்பதாகவும் சொன்னார். நான் கொடுத்த குளுசைதான் அவருடைய சீனியை இரவில் அளவுக்கு மீறி இறக்கியிருக்கிறது. குளுசையைக் குறைத்ததும் நடுச்சாமச் சாப்பாடு நின்றது. அந்தக் கேள்வியைக் கேட்க எனக்கு ஒரு நிமிடம்கூடத் தேவைப்படவில்லை. இன்சுலினும், சீனியை இறக்கும் சில குளுசைகளும், ஸ்டீரொயிட்டும், மனநோய்க்கான சில மருந்துகளும் நிறையைக் கூட்டும் என்பதை எழுதிக் கொடுக்கும் நாமே மறந்துவிடுகிறோம்.

தராசு அவசியமான இடங்களும் உண்டு. பிள்ளைகளுக்கு மருந்தளவு கணிக்கவும், இருதயம் பலவீனமானவரின் உடம்பில் நீர் சேர்வதை அறியவும் நிறை வேண்டும். அப்போது காரணத்தைச் சொல்லிவிட்டு, மறைவான இடத்தில் நிறுத்துப் பாருங்கள்.

கேள்வி: மூதூரில் இருக்கும் என் வாப்பாவுக்கு வயது 62. மூன்று மாதத்தில் நன்றாக மெலிந்துவிட்டார். உறவினர்கள் எல்லோரும் "இப்போதுதான் ஆள் நல்லா இருக்கிறார்" என்கிறார்கள். சந்தோஷப்படலாமா?

பதில்: அவர் முயற்சி செய்யாமலே மெலிந்திருந்தால் சந்தோஷப்பட வேண்டாம், தாமதிக்காமல் வைத்தியரிடம் கூட்டிச் செல்லுங்கள். கட்டுப்பாடற்ற நீரிழிவு, காசநோய், தைரொயிட் கோளாறு, புற்றுநோய் ஆகிய எல்லாவற்றிலும் உடம்பு இப்படி இறங்கும். தாகம், இருமல், இராக்காய்ச்சல், விழுங்குவதில் சிரமம், மலத்தில் இரத்தம் ஏதும் உண்டா என்று வாப்பாவிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பழைய கிளினிக் கொப்பி இருந்தால் அதையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். முன்பு பதிந்த நிறை அதில் இருக்கும், வைத்தியருக்கு அது தேவைப்படும்.