மூன்று நாள் ஹார்டுவேர் பயிற்சிக்குப் பணம் கட்டலாமா?

கேள்வி: விழுப்புரம் மாவட்டத்தில் அரசு உயர்நிலைப் பள்ளி அறிவியல் ஆசிரியை நான். முன்னாள் மாணவர்கள் எட்டுப் பழைய கம்ப்யூட்டர்களும் (ஐந்தில் ஐ3 இரண்டாம் தலைமுறை பிராசஸர், மூன்றில் அதைவிடப் பழைய கோர் 2 டுவோ பிராசஸர்) 40,000 ரூபாயும் தந்திருக்கிறார்கள். ஒன்பதாம் வகுப்பில் இருபது பேருக்குக் கம்ப்யூட்டர் பூட்டவும் பழுது பார்க்கவும் கற்றுத்தர நினைக்கிறேன். ஒரு பயிற்சி மையம் தலைக்கு 1,500 ரூபாய் கேட்கிறது. மூன்று நாளில் முடித்துச் சான்றிதழும் தருமாம். பழைய பெட்டிகளை எடுத்துக்கொண்டு புதிய 'பயிற்சி கிட்' தருவதாகவும் சொல்கிறார்கள். சம்மதிக்கலாமா? பிள்ளைகளுக்கு ஷாக் அடித்துவிடுமோ என்ற பயமும் இருக்கிறது.

பதில்: இரண்டுக்கும் சம்மதிக்காதீர்கள். இருபது பேருக்கு 30,000 ரூபாய் அங்கேயே போய்விடும். மூன்று நாளில் அவர்கள் காட்டப்போவது பெட்டியைக் கழற்றி மாட்டுவதைத்தான். அது கைப்பழக்கம் வந்துவிட்டால் ஒரு மணி நேர வேலை. ஓடாத பெட்டி ஏன் ஓடவில்லை என்று கண்டுபிடிப்பதுதான் பாடம். அதற்குப் பழைய பெட்டி போல உதவுவது எதுவும் இல்லை. அந்தச் சான்றிதழைக் காட்டி எந்தக் கடையிலும் வேலை கிடைக்காது.

'கிட்' பேச்சில் இன்னும் கவனமாக இருங்கள். புதுசு என்று வருவது பெரும்பாலும் பழைய சிப்பைப் பெயர்த்து எடுத்துப் புதுப் பலகையில் ஒட்டிய எச்61 (உங்கள் ஐ3 காலத்துப் பழைய வகை) மதர்போர்டாக இருக்கும். 'ஐ5' என்று ஸ்டிக்கர் இருக்கும், எந்தத் தலைமுறை என்று இருக்காது. கூடவே '450 வாட்' எஸ்எம்பிஎஸ் (பெட்டிக்குக் கரண்டை மாற்றித் தரும் பவர் சப்ளை டப்பா) ஒன்று. அதன் லேபிளில் 12 வோல்ட்டுக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 14 என்றிருந்தால் 12 x 14 = 168 வாட்; கம்ப்யூட்டரின் முக்கியமான சுமை ஏறுவது அந்தக் கணக்கில்தான். உங்கள் ஐ3 பெட்டி முழுவதுமே 100 வாட்டைத் தாண்டுவது அபூர்வம், ஆகவே இருக்கிற எஸ்எம்பிஎஸ் நன்றாக இருந்தால் மாற்றவே வேண்டாம். இந்தப் பெருக்கலை முதல் வகுப்பிலேயே பிள்ளைகளைச் செய்யச் சொல்லுங்கள்.

எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக மாட்டும் வேகமான சேமிப்பு) வாங்கினால், கேபிளால் இணைக்கும் 2.5 அங்குல சாட்டா வகை மட்டும். 'அதைவிட வேகம்' என்று, மதர்போர்டிலேயே நேராகச் செருகும் என்விஎம்இ வகையைத் தலையில் கட்டுவார்கள். உங்கள் மதர்போர்டுகளில் அதைச் செருக இடமே கிடையாது.

இனி ஷாக். உங்கள் பயம் நியாயமானது, ஆனால் பயப்பட வேண்டிய இடம் வேறு. பெட்டிக்குள் ஓடுவது 12 வோல்ட்டும் அதற்குக் கீழும்தான். எஸ்எம்பிஎஸ் டப்பாவுக்குள் மட்டும் சுமார் 325 வோல்ட் இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது கபாசிட்டரில் (மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பாகம்) தங்கும். அந்த டப்பாவின் நான்கு திருகுகள் மேலும் பெயிண்ட் தடவி விடுங்கள். யாரும் திறக்கக்கூடாது, நீங்களும்தான். பழைய குண்டு மானிட்டர் இருந்தால் அதற்கும் இதே சட்டம்.

உண்மையான ஆபத்து சுவரில் இருக்கிறது. பெட்டியின் தகரத்தைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கிறதா? 'கம்ப்யூட்டர்னா அப்படித்தான் இருக்கும்' என்று எலக்ட்ரீசியன் சொன்னால் வேறு ஆளைக் கூப்பிடுங்கள். எர்த் இல்லாத இடத்தில் எஸ்எம்பிஎஸ்ஸின் ஃபில்டர் கபாசிட்டர்கள் வழியாகத் தகரத்தில் மெயின் வோல்ட்டேஜில் பாதி அளவு ஏறி நிற்கும், அதுதான் அந்தச் சுருக். பேஸ்-நியூட்ரல் இடையே 230 வோல்ட், பேஸ்-எர்த் இடையே கிட்டத்தட்ட அதே அளவு, நியூட்ரல்-எர்த் இடையே ஓரிரு வோல்ட் என்று அளந்து காட்டச் சொல்லுங்கள். இதிலும் ஒரு தில்லுமுல்லு உண்டு. சாக்கெட்டுக்குள் எர்த்தையும் நியூட்ரலையும் ஒரு ஒயரால் முடிந்துவிட்டால் இந்த அளவெல்லாம் அழகாக வரும். என்றைக்காவது நியூட்ரல் அறுந்தால் மொத்தப் பெட்டியிலும் கரண்ட் ஏறிவிடும். சாக்கெட்டைக் கழற்றிக் கண்ணால் பார்த்துவிடுங்கள், மெயினை அணைத்துவிட்டு. அறைக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானே அணைக்கும் சுவிட்ச்) ஒன்று போடச் சொல்லுங்கள். உங்கள் 40,000-இல் முதல் செலவு இதுதான்.

ஐந்து குழு, குழுவுக்கு நாலு பேர், குழுவுக்கொரு ஐ3 பெட்டி. கோர் 2 டுவோ மூன்றும் கழற்றிப் பழக. குழுவுக்கு ஒரு நல்ல ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர், ஒரு சாதா மல்டிமீட்டர் போதும். மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, 10 ஆம்பியர் துளையை டேப் ஒட்டி மூடிவிடுங்கள். மலிவு மீட்டர்களில் அந்தத் துளைக்கு ஃபியூஸ் கிடையாது.

பாடத்தை இப்படி நடத்துங்கள். நல்ல நிலையில் இருக்கும் பெட்டியில், பிளக்கைப் பிடுங்கிவிட்டு, நீங்களே ஒரு கோளாறைச் செய்து வையுங்கள்: ராமை (நினைவகப் பட்டை) பாதி செருகி விடுவது, பிராசஸருக்குப் போகும் 4 பின் மஞ்சள்-கறுப்பு ஒயரைப் பிடுங்கி விடுவது, சாட்டா கேபிளைத் தளர்த்துவது, மதர்போர்டின் கடிகாரத்துக்கான காசு வடிவ சிஆர்2032 பேட்டரியைத் தீர்ந்துபோனதாகப் போடுவது. திருகில் கை வைக்கும் முன் 'என்ன தெரிகிறது, எதைச் சந்தேகிக்கிறேன், எப்படிச் சோதிப்பேன்' என்று நோட்டில் எழுத வேண்டும். 4 பின் ஒயர் விட்டுப்போனால் ஃபேன் சுற்றும், டிஸ்ப்ளே வராது. பாதிப் பேர் மானிட்டரைக் குறை சொல்வார்கள். பேட்டரி தீர்ந்தால் தேதி பல வருஷம் பின்னால் போய்விடும், இணையதளங்கள் 'பாதுகாப்பற்ற இணைப்பு' என்று திறக்க மறுக்கும். நெட் இல்லை என்று நினைப்பார்கள்.

டிஸ்ப்ளே வராத பெட்டியில் முதலில் பார்க்க வேண்டியது ராம். பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை வடியவிடுங்கள். ராமைக் கழற்றி, அதன் தங்கநிறப் பற்களை வெள்ளை பென்சில் ரப்பரால் ஒரே திசையில் தேய்த்து, துகளைத் தட்டிவிட்டு, இரு முனையிலும் கட்டைவிரலால் டக் என்று சத்தம் கேட்கும்வரை அழுத்த வேண்டும். ஐ3-இல் இருப்பது டிடிஆர்3 வகை ராம். கோர் 2 டுவோவில் பெரும்பாலும் டிடிஆர்2. இரண்டுக்கும் 240 பற்கள்தான், வெட்டு இருக்கும் இடம் வேறு. ஒன்றின் இடத்தில் மற்றதை வைத்து முரட்டுத்தனமாக அழுத்தினால் ஸ்லாட் போய்விடும்.

பிராசஸர் ஃபேனின் நான்கு பிளாஸ்டிக் கால்களை எதிரெதிர் மூலையாக அழுத்துங்கள். ஒன்று மாட்டாவிட்டாலும் பெட்டி சில நிமிடத்தில் சூடாகித் தானே அணைந்துவிடலாம்.

கேரளத்தில் 2018 முதல் 'லிட்டில் கைட்ஸ்' என்று அரசே பள்ளிகளில் ஐடி மன்றம் நடத்துகிறது, ஹார்டுவேரும் அதில் உண்டு. இங்கே அரசு பள்ளிக்குத் தந்த ஹைடெக் லேப் பெட்டியில் ஒரு திருகைத் தளர்த்தினாலும் யாரைக் கேட்டுச் செய்தீர்கள் என்பார்கள். பழுதானது கழிவு நீக்க உத்தரவுக்காக வருஷக்கணக்கில் துணி போர்த்திக் கிடக்கும். லேப் பெட்டிகளை நீங்கள் தொடவே வேண்டாம்.

அன்பளிப்புப் பெட்டிகளுக்கு அந்தத் தொல்லை இல்லை, ஒரு சந்தர்ப்பம் தவிர. அலுவலகத்தில் யாராவது முந்திக்கொண்டு 'கம்ப்யூட்டர் - 8' என்று இருப்புப் பதிவேட்டில் ஏற்றிவிட்டால், மூன்றைப் பிரித்த பிறகு தணிக்கையில் 'மீதி எங்கே?' என்ற கேள்வி வரும், பதில் சொல்ல நீங்கள்தான் நிற்க வேண்டும். இன்னும் ஏற்றவில்லை என்றால், 'பயிற்சிக்காகப் பிரித்துப் பார்க்கத் தரும் பழைய பொருட்கள்' என்று கொடையாளரிடம் கடிதம் வாங்கி, அதே வார்த்தையில் பதியச் சொல்லுங்கள். ஏற்றியாகிவிட்டது என்றால் அடித்துத் திருத்தாதீர்கள்; கீழே குறிப்பு எழுதித் தலைமை ஆசிரியரிடம் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். பிரித்த பெட்டிகளின் காலிக் கூடுகளைத் தூக்கிப் போடாமல், எந்தப் பாகம் எங்கே போனது என்ற தாளை ஒவ்வொன்றின் மேலும் ஒட்டி வையுங்கள். 'சும்மா டெஸ்ட் பண்ண' என்று லேப் பெட்டியின் ராமை இதில் மாட்டுவது மட்டும் ஒருநாளும் கூடாது.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. 'விண்டோஸ் லெவனே போட்டுத் தர்றேன்' என்று வருபவரைத் திருப்பி அனுப்புங்கள். இந்த பிராசஸர்கள் அதன் பட்டியலில் இல்லை. கோர் 2 டுவோவில் விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு பூட் கூட ஆகாது. விண்டோஸுக்குப் பதிலாக இலவச லினக்ஸ் மின்ட், அதிலும் பழைய பெட்டிக்கு ஏற்ற எடை குறைந்த எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு போடுங்கள். 2 ஜிபி ராமிலும் ஓடும், 4 இருந்தால் நிம்மதி. போடும் முன் பழைய டிஸ்க்குகளை முழுவதும் அழித்துவிடுங்கள். கொடுத்தவர்களின் படங்களும் பாஸ்வேர்டுகளும் அதில் அப்படியே இருக்கும்.