வழக்கு நடத்தும் பயிற்சிக்குக் காசு எங்கே கேட்பது?

பினாங்கில் ஊராட்சி மன்ற அமலாக்கப் பிரிவில் இருக்கும் உங்களைத் திடீரென்று வழக்கு நடத்தச் சொல்லிவிட்டார்கள், பயிற்சிச் செலவை எச்ஆர்டி லெவியில் (ஊழியர் பயிற்சிக்காக முதலாளிகள் கட்டும் மனிதவள நிதியில்) எடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். அது சரிவராது ப்ரோ, அந்த லெவி தனியார் முதலாளிகள் கட்டுவது. அரசு ஆட்களுக்கென்றே சிலாங்கூரின் பாங்கி நகரில் இல்காப் இருக்கிறதே, பிரதமர் துறையின் கீழ் வரும் சட்டப் பயிற்சிக் கழகம், அங்கே வழக்கு நடத்தும் அதிகாரிகளுக்கான வகுப்பு எப்போது என்று முதலில் விசாரியுங்கள். பினாங்கிலிருந்து நாலைந்து மணி நேர ஓட்டம், அதனால் டோல், பெட்ரோல், தங்குமிடம் எல்லாவற்றையும் கணக்குப் போட்டு மன்றத்தின் பயிற்சி ஒதுக்கீட்டில் இப்போதே கேளுங்கள். நான் ஒருமுறை ஆண்டு முடியும் நேரத்தில், நவம்பரில் போய்க் கேட்டு, கையை விரித்துவிட்டார்கள். அப்புறம், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 377ஆவது பிரிவுப்படி பப்ளிக் ப்ராசிகியூட்டரின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும், அது வராமல் கோர்ட்டில் எழுந்து நிற்காதீர்கள்.