ஒரு நாட்டுக்கு ஒரே தேசிய அடையாள அட்டை வேண்டுமா?

வேண்டும் என்பதுதான் என் பதில். ஆனால் அட்டை ஒன்று வந்துவிட்டால் எல்லாம் சரிவரும் என்று நினைப்பவர்கள் ஒருதரம் இலங்கையைப் பார்க்க வேண்டும். 1968ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க ஆட்பதிவுச் சட்டத்தின் கீழ் 1972 முதல் இங்கே அட்டை கொடுக்கிறார்கள். இத்தனை காலம் பழகியும் திருகோணமலை மாவட்டத்தின் மூதூர், கிண்ணியா, குச்சவெளிப் பக்கத்துப் பிரதேச செயலகங்களுக்கு அலைகிறவர்களின் சிக்கலைக் கிண்டிப் பார்த்தால், பெரும்பாலும் அது பிறப்புப் பதிவில் போய் நிற்கும்.

எடுக்கும் முறை லேசானது. 15 வயதானால் விண்ணப்பிக்கலாம். படிவத்தைக் கிராம உத்தியோகத்தர் உறுதிப்படுத்த வேண்டும். பாடசாலைப் பிள்ளை என்றால் அதிபர். படம் ஆட்பதிவுத் திணைக்களத்தில் பதிந்த ஸ்டூடியோவில்தான் எடுக்கலாம். அது ஒன்லைனில் நேரே போய்விடும், உங்கள் கையில் பற்றுச்சீட்டுத்தான் தருவார்கள். இதிலெல்லாம் பெரிதாகப் பிழை வராது. பிழை வருவது பெயரில். பிறப்புச் சான்றிதழில் 'முகம்மது', பாடசாலைப் பதிவில் 'முஹம்மத்', சிங்களத்தில் எழுதித் திரும்பத் தமிழுக்கு வந்தபோது 'மொஹமட்'. மூவரும் ஒரே ஆள்தான் என்பதைச் சத்தியக்கடதாசி முடித்துக் காட்ட வேண்டியவர் அந்த ஆளேதான். இப்படி இருந்தால் முதலில் பிறப்புச் சான்றிதழைத் திருத்துங்கள், பிறகு அட்டைக்குப் போங்கள். மாற்றிச் செய்தால் இரண்டு தரம் அலைச்சல். இடம்பெயர்விலும் 2004 சுனாமியிலும் கடதாசி போனவர்கள் பதிவாளர் பிரிவில் மூலப் பதிவைத் தேடிப் பிரதி எடுக்கலாம். பதிவே இல்லையென்றால் காலம் கடந்த பதிவுதான். பாடசாலைப் பதிவு, தடுப்பூசி அட்டை என்று வீட்டில் மிஞ்சியிருப்பது எதையும் எறிந்துவிடாதீர்கள்.

அடுத்தது இலக்கம். வேறு நாடு ஏதாவது இதை அப்படியே பார்த்துச் செய்யப் போனால் வேண்டாம் என்பேன். பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும்: முதல் இரண்டு பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று ஆண்டின் எத்தனையாவது நாள், பெண்ணென்றால் அதோடு 500. 1985 மார்ச் 1இல் பிறந்த பெண்ணுக்கு 85561 என்று தொடங்கும். அந்த ஆண்டில் மார்ச் 1 அறுபதாவது நாள்தானே என்று கேட்பீர்கள். பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் என்று வைத்தே எண்ணுகிறார்கள். இது தெரியாமல் மென்பொருள் எழுதினால் அந்தப் பெண் மார்ச் 2இல் பிறந்தவராகிவிடுவார். வங்கிப் படிவம் 'தவறான திகதி' என்று திருப்பி அனுப்பும். 2000க்குப் பின் பிறந்தவர்கள் அட்டை எடுக்கும் வயதுக்கு வந்ததால் 2016 முதல் பன்னிரண்டு இலக்கம் ஆனது. பழையதை மாற்ற முன்னால் 19 போட்டு, பழையதின் முதல் ஐந்து இலக்கத்துக்குப் பின் ஒரு 0 செருகி, கடைசி எழுத்தை விட்டுவிட வேண்டும். ஒரே ஆள் ஓரிடத்தில் பழைய இலக்கத்திலும் இன்னோரிடத்தில் புதியதிலும் பதிந்திருந்தால், கணினிக்கு அது இரண்டு ஆள்.

இதைவிடப் பெரிய குறை, இலக்கமே வயதையும் பாலையும் சொல்லிவிடுவது. கொமினிகேஷன் கடையில் மறந்துவிட்டு வந்த ஒரு போட்டோக் கொப்பி போதும். இந்தியாவின் ஆதாரிலும் பன்னிரண்டு இலக்கம்தான், ஆனால் அதைப் பார்த்து ஆளைப் பற்றி எதுவும் அறிய முடியாது. அந்த ஒரு விசயத்தில் அவர்கள் கெட்டிக்காரர்கள்.

அட்டையில் என்ன எழுதுவது என்பதும் சின்ன விசயமில்லை. நீண்டகாலம் வடக்கு கிழக்கு அட்டைகளில் சிங்களமும் தமிழும், மற்ற இடங்களில் சிங்களம் மட்டும். பிறந்த இடமும் தொழிலும் வேறு அதில் இருந்தன. சோதனைச் சாவடியில் நீட்டினால், வாயைத் திறக்கும் முன்னே எந்தப் பக்கத்து ஆள் என்று அட்டை சொல்லிவிடும். மும்மொழி அட்டை வந்தது 2017இல்தான்.

ஒருதரம் இலக்கம் என்று வந்துவிட்டால் அதில் எதையும் தொங்கவிடுவார்கள். கொரோனாக் காலத்தில், 2020 மே மாதத்தில் எந்தக் கிழமை வெளியே போகலாம் என்பதைக் கடைசி இலக்கம் தீர்மானித்தது. 2022இல் எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுத்த கியூஆர் குறியீட்டையும் இதை வைத்தே பதிந்தார்கள். இரண்டுக்கும் அவசரக் காரணம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அட்டை இல்லாதவர் என்ன செய்வது என்பதை எந்தச் சேவையும் முதலிலேயே எழுதிவைக்க வேண்டும். இதில் நம் தேர்தல் முறை நல்ல முன்மாதிரி: கடவுச்சீட்டு, சாரதி அனுமதிப்பத்திரம், ஓய்வூதிய அட்டை, முதியோர் அட்டை எதையும் ஏற்பார்கள், ஒன்றுமே இல்லாதவருக்குத் தேர்தல் ஆணைக்குழுவே தற்காலிக அட்டை கொடுக்கும்.

இப்போது பேசப்படும் டிஜிட்டல் அடையாளத்தில் கைரேகை, கண்மணிப் பதிவெல்லாம் வருகிறது. கரைவலை இழுப்பவர், மேசன், கல்லுடைப்பவர் ஆகியோரின் விரல் ரேகை தேய்ந்திருக்கும். பல தடவைகளில் இயந்திரம் அதை வாசிக்காது. அப்போது முகத்தையோ கண்ணையோ பார்த்து ஏற்கலாம் என்பது விதியில் இருக்க வேண்டும். கவுன்டரில் இருப்பவரின் அன்றைய மனநிலையில் அதை விடக்கூடாது.